ஷாட்டோ கயார் கோட்டை கக்கூஸ் வழியா விழுந்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பிரான்ஸ்ல நார்மண்டி பக்கம் ஷாட்டோ கயார்னு ஒரு கோட்டை இருக்கு. இதப் பத்தி எந்த வீடியோவத் திறந்தாலும் சுத்திச் சுத்தி ஒரே கதைதான். கோடி கோடியா கொட்டிக் கட்டின அசைக்க முடியாத கோட்டை, கடைசில யாரோ ஒரு சிப்பாய் கக்கூஸ் குழாய் வழியா ஏறிப் போய் கதவத் திறந்துவிட்டுட்டான், அவ்ளோதான் கோட்டை காலின்னு முடிச்சுடுவாங்க. கேக்க செம ஜாலியாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆள் உள்ள ஏறின நேரத்துல கோட்டையோட தலையெழுத்து முக்கால்வாசி எழுதி முடிஞ்சிருந்துச்சு. அவன் அந்த சுவத்த ஏறலன்னாலும் இன்னும் சில வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்ளோதான். ஏன் அப்படிச் சொல்றேன்னா, அதுக்கு இந்தக் கோட்டைய எதுக்குக் கட்டினாங்கங்கிறதுலேருந்து ஆரம்பிக்கணும்.

முதல்ல இடம். பாரிஸ்லேருந்து வடமேற்கால சுமார் 100 கிலோமீட்டர், செய்ன் நதி ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்புற எடத்துல லே ஆந்த்லின்னு ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேல, ஆத்துலேருந்து கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்துல வெள்ளை சுண்ணாம்புப் பாறை, அது மேல கோட்டை. கீழ ஊர்லேருந்து நடந்து ஏறினா மூச்சு வாங்கும், அண்ணாந்து பார்த்தா இதெல்லாம் மனுஷன் எவனும் ஏறிப் பிடிக்கவே முடியாதுன்னுதான் தோணும். அதே கார்ல போறவங்களுக்கு பின்பக்கமா மேட்டுக்குப் போற ரோடு இருக்கு, வண்டிய நிறுத்திட்டு திரும்பினா கோட்டை உங்களுக்குக் கீழ கெடக்கும். ஆமா, கீழ. பாறையோட மூணு பக்கமும் சரிவு, தெற்குப் பக்கம் மட்டும் பின்னாடி இருக்குற மேட்டு நிலத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்த மேடு கோட்டைய விட உசரம். இங்க போறவங்க எல்லாம் அந்த வியூ பாயின்ட்ல நின்னு ஆத்தையும் கோட்டையையும் சேர்த்து போட்டோ எடுக்குறாங்க, 1203ல எதிரி வந்து டேரா போட்டதும் அந்த மேட்டுலதான்.

சரி, இப்ப ரிச்சர்ட் கதைக்கு வருவோம். சிங்க நெஞ்சன்னு பேர் வாங்கின இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்ட்தான் இதைக் கட்டினவர். இங்கிலாந்து ராஜா எதுக்கு பிரான்ஸ்ல கோட்டை கட்டுறாருன்னா, அப்ப நார்மண்டி அவரோட சொத்து, அவர் இங்கிலாந்துக்கு ராஜா, நார்மண்டிக்கு டியூக், அதுக்குக் கீழ தெற்கு வரைக்கும் இன்னும் பெரிய பெரிய நிலம் எல்லாம் அவர் குடும்பத்துக்குச் சொந்தம், பேருக்கு மட்டும் அந்த நிலங்களுக்கு பிரெஞ்சு ராஜா மேலதிகாரி. அந்த பிரெஞ்சு ராஜா இரண்டாம் பிலிப் சும்மா உக்காந்திருக்கிற ஆளே இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா சிலுவைப் போருக்குப் போனாங்க, பிலிப் பாதில கிளம்பி ஊருக்கு வந்துட்டாரு, ரிச்சர்ட் திரும்பி வர்ற வழில 1192 டிசம்பர்ல ஆஸ்திரியா டியூக் கிட்ட மாட்டிக்கிட்டு அப்புறம் ஜெர்மன் பேரரசர் கைக்குப் போய் 1194 பிப்ரவரி வரைக்கும் ஜெயில்ல. விடுறதுக்குப் பேசின தொகை 1,50,000 மார்க் வெள்ளி, அதுல 1,00,000 கைக்கு வந்தப்புறம்தான் விட்டாங்க. அதுக்காக இங்கிலாந்துல ஜனங்களோட வருமானத்துல கால் பங்கு வரி போட்டாங்கன்னா பார்த்துக்கங்க.

இவர் உள்ள இருந்த அந்த கேப்லதான் பிலிப் ஜிஸோர் கோட்டைய வாங்கிட்டாரு, சண்டை கூட போடாம. ஜிஸோர் சாதாரண எடம் இல்ல, பாரிஸுக்கும் நார்மண்டியோட தலைநகர் ருவானுக்கும் நடுவுல இருந்த எல்லையக் காத்த பூட்டு அது. அது போச்சுன்னா பாரிஸ்லேருந்து செய்ன் ஆத்தங்கரை வழியா ருவான் வரைக்கும் வழி திறந்து கெடக்கு. ரிச்சர்ட் வெளிய வந்து நெறைய எடத்தத் திரும்பப் புடிச்சாரு, ஆனா ஜிஸோர் மட்டும் கிடைக்கல. அதுக்கு பதிலா ருவானுக்கு 40 கிலோமீட்டர் முன்னாடி ஆத்தை மறிச்சு ஒரு புது பூட்டு போடணும். அதுக்குத்தான் ஆந்த்லி.

இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, 1196 ஆரம்பத்துல ரெண்டு ராஜாவும் போட்ட ஒப்பந்தத்துலயே ஆந்த்லில யாரும் கோட்டை கட்டக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. ரெண்டாவது, அந்த நிலம் ரிச்சர்டோடதே இல்ல, ருவான் ஆர்ச்பிஷப் வால்டரோடது. ஆத்துல போற படகுக்கெல்லாம் அங்க சுங்கம் வாங்குவாங்க, நல்ல வருமானம், ஆர்ச்பிஷப் விக்க மாட்டேன்னுட்டாரு. ரிச்சர்ட் கேக்கல, கட்ட ஆரம்பிச்சுட்டாரு. ஆர்ச்பிஷப் கோவத்துல நார்மண்டி முழுக்க கோயில் சடங்குகள நிறுத்தி வெச்சுட்டாரு, பூசை இல்ல, அடக்கம் இல்ல, தெருவுல பொணம் அடக்கம் பண்ணாம கெடந்துச்சுன்னு அந்தக் கால வரலாற்றுக் குறிப்பு சொல்லுது. விவகாரம் ரோம் வரைக்கும் போச்சு. கடைசில போப் ரிச்சர்ட் பக்கம் சாய்ஞ்சாரு, 1197ல செட்டில்மென்ட்: ஆந்த்லிக்கு பதிலா ஆர்ச்பிஷப்புக்கு டியெப் துறைமுகம், லூவியே ஊர், கூட இன்னும் சில கிராமம். கணக்குப் போட்டா ஆர்ச்பிஷப்புக்குத்தான் லாபம்னு எனக்குத் தோணுது. ஒரு துறைமுகத்தையே தூக்கிக் குடுத்து ஒரு பாறைய வாங்குறாருன்னா அந்தப் பாறை ரிச்சர்டுக்கு எவ்ளோ தேவையா இருந்திருக்கும்.

கட்டின வேகம் இன்னும் ஆச்சரியம். அந்தக் காலத்துல இப்படி ஒரு கோட்டைன்னா பத்து வருஷம் ஆகும், இவர் 1196லேருந்து 1198க்குள்ள ரெண்டே வருஷத்துல முடிச்சுட்டாரு. நார்மண்டி கஜானாவோட கணக்கு ஏடு இன்னைக்கும் இருக்கு, அதுல செலவு கிட்டத்தட்ட 12,000 பவுண்ட். அவர் ஆண்ட காலம் முழுக்க இங்கிலாந்துல இருக்கிற எல்லா கோட்டைக்கும் சேர்த்து செலவழிச்சது சுமார் 7,000 பவுண்ட்தான், அத வெச்சுப் பார்த்தா இது எவ்ளோ பெரிய தொகைன்னு புரியும். கல்லு வெட்டுறவங்க, கொத்தனார், தச்சர், கொல்லர், சுண்ணாம்பு வேலைக்காரங்க, தண்ணி சுமக்குறவங்க, பாறையக் குடைஞ்சு அகழி வெட்டினவங்க, இவங்களுக்கெல்லாம் காவல் நின்ன சிப்பாய்ங்கன்னு எல்லாருக்கும் குடுத்த கூலி அந்த ஏட்டுல இருக்கு. தலைமைக் கொத்தனார்னு ஒருத்தர் பேர் மட்டும் அதுல இல்ல. அதனாலதான் பிளான் போட்டது ரிச்சர்டே தான்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அவர் அடிக்கடி அங்கயே வந்து தங்கினதும் உண்மை.

நம்ம இன்னைக்குப் போய் பாக்குறது மேல இருக்குற இடிபாடு மட்டும்தான், அதனால கோட்டைன்னா அதுதான்னு நெனச்சுக்குறோம். ரிச்சர்ட் கட்டினது ஒரு கூட்டு ஏற்பாடு. ஆத்து நடுவுல இருந்த தீவுல ஒரு சின்ன கோட்டை, ரெண்டு கரையையும் சேர்த்து பாலம், ஆத்துக்குக் குறுக்க படகு போக முடியாதபடி மரக்கம்பம் அடிச்சு வேலி, கரையில மதில் வெச்சு புதுசா ஒரு ஊர், அதுதான் இன்னைக்கு பெத்தி ஆந்த்லின்னு சொல்ற பகுதி, அங்க இருக்கிற சேன் சோவேர் தேவாலயமும் ஏறக்குறைய அதே காலத்தோடதுதான். இது எல்லாத்துக்கும் உச்சில பாறை மேல பெரிய கோட்டை. ஆத்துல சாப்பாடும் ஆளும் வந்துக்கிட்டே இருந்தா மேல இருக்குறவங்கள யாராலயும் பட்டினி போட முடியாது, மேல இருக்குறவங்க ஆத்த எதிரிக்கு விடமாட்டாங்க. ஒண்ண ஒண்ணு தாங்கி நிக்கிற அமைப்பு.

மேல இருக்குற கோட்டைய மூணு தனித்தனி அடுக்கா பிரிச்சிருந்தாரு. தெற்கால மேட்டைப் பார்த்த பக்கம், எதிரி வரக்கூடிய ஒரே பக்கம், அங்க கூர் முனையோட முக்கோணமா ஒரு வெளிக்கோட்டை, அதுக்குப் பின்னாடி பாறையில வெட்டின ஆழமான அகழி, அப்புறம் நடுக்கோட்டை, அதுக்குள்ள இன்னொரு அகழி, அப்புறம் உள்கோட்டை. இந்த உள்கோட்டை மதிலத்தான் நேர்ல போறவங்க நின்னு பாக்கணும். நேர் சுவரே இல்ல, அரைவட்டம் அரைவட்டமா வரிசையா புடைச்சுக்கிட்டு நெளிநெளியா போகும். எதிரி எறியிற கல்லு நேரா முட்டாம சறுக்கிப் போகும், மேல நிக்கிற வில்லாளிக்கு எந்த மூலையும் கண்ணுக்கு மறையாது. அதுக்குள்ள ராஜா தங்குற பெரிய கோபுரம், ஒரு பக்கம் கப்பல் முன்பக்கம் மாதிரி கூரா கட்டியிருக்கும், மேல மதில் வெளிய நீட்டிக்கிட்டு நடுவுல இடைவெளி விட்டு, அது வழியா கீழ நிக்கிறவன் தலையில கல்லு போடலாம். மேற்கு ஐரோப்பாவுல இந்த ஏற்பாடு வந்த ஆரம்பகால எடங்கள்ல இதுவும் ஒண்ணு.

மதில் இரும்பால கட்டியிருந்தாலும் புடிப்பேன்னு பிலிப் சொன்னதாவும், வெண்ணெயால கட்டியிருந்தாலும் காப்பேன்னு ரிச்சர்ட் பதில் சொன்னதாவும் ஒரு கதை உண்டு. நடந்துச்சோ இல்லையோ, ரிச்சர்டுக்குக் காக்குற வேலையே வரல. 1199 மார்ச்ல தெற்கால ஷாலுங்கிற ஒரு சின்ன கோட்டைய முற்றுகை போட்டப்ப தோள்ல அம்பு பட்டு, புண்ணு அழுகி, ஏப்ரல் 6 அன்னைக்கு செத்துப் போனாரு. கட்டி முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

அடுத்து வந்தவர் தம்பி ஜான். இவர் காலத்துல மதிலுக்கு ஒண்ணும் ஆகல, மதிலுக்குப் பின்னாடி நிக்க வேண்டிய ஆளுங்கதான் கழண்டுக்கிட்டாங்க. செத்துப் போன இன்னொரு அண்ணனோட பையன் ஆர்தர் பிரிட்டனி டியூக், அவனும் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்டான், 1202ல ஜான் அவனப் புடிச்சு உள்ள போட்டாரு, 1203க்கு மேல அந்தப் பையன யாரும் பாக்கல. கொன்னுட்டாங்கன்னு ஊரே பேசிச்சு. ஏற்கனவே ஜான் மேல நம்பிக்கை இல்லாத பிரபுக்கள் ஒவ்வொருத்தரா பிலிப் பக்கம் போனாங்க, சில கோட்டைய சண்டையே இல்லாம திறந்தும் குடுத்தாங்க. அந்த வருஷம் கோடை முடியுற சமயத்துலதான் பிலிப் படையோட ஆந்த்லிக்கு வர்றாரு. இதெல்லாம் இவ்ளோ நல்லாத் தெரியுறதுக்குக் காரணம் பிலிப்போட பாதிரியார் வில்லியம், பிரிட்டனிக்காரர், கூடவே இருந்து பார்த்து எழுதி வெச்சிருக்காரு. எதிர்க்கட்சி ஆளு எழுதினது, அத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் படிக்கணும்.

பிலிப் மேல இருக்குற கோட்டையத் தொடவே இல்ல. முதல்ல ஆத்துக்கு வந்தாரு. மரக்கம்ப வேலிய உடைச்சாரு, படகுகளச் சேர்த்துக் கட்டி அவரே ஒரு பாலம் போட்டாரு. அந்த சமயத்துல ஜான் ஒரு மீட்புப் படை அனுப்பினாரு, தலைமை வில்லியம் மார்ஷல், அந்தக் காலத்துல பேர் போன போர்வீரர். பிளான் நல்ல பிளான்: ராத்திரில தரை வழியா ஒரு படை பிரெஞ்சு முகாம அடிக்கணும், அதே நேரத்துல சாமான் ஏத்தின படகுகள் ஆத்துல வந்து பாலத்த உடைச்சு தீவுக் கோட்டைக்கு உதவி சேர்க்கணும். ஆத்தோட ஓட்டத்தத் தப்பா கணக்குப் போட்டுட்டாங்க, படகுகள் எதிர்நீர்ல துடுப்புப் போட்டு வந்து சேர்றதுக்குள்ள தரைப்படை அடிச்சு, அடி வாங்கி, ஓடியும் போச்சு. விடியுற நேரத்துல தனியா வந்த படகுகள பிரெஞ்சுக்காரங்க மேலேருந்து கல்லும் அம்பும் போட்டுக் காலி பண்ணினாங்க. அதுக்கப்புறம் நல்லா நீந்தத் தெரிஞ்ச கோபேர்ங்கிற ஒருத்தன் நெருப்ப பானையில வெச்சு எடுத்துட்டு நீந்திப் போய் தீவுக் கோட்டையோட மரவேலிக்குத் தீ வெச்சான், தீவு போச்சு, கரையில இருந்த ஊரும் போச்சு.

என்னக் கேட்டா கோட்டை விழுந்தது அந்த ராத்திரிதான். கோட்டைங்கிறது தானா ஜெயிக்கிற பொருள் இல்ல, எதிரிய நிறுத்தி வெச்சு நேரம் வாங்கிக் குடுக்கிற ஏற்பாடு, அந்த நேரத்துக்குள்ள வெளியேருந்து ஒரு படை வரணும். படை வராதுன்னா மதில் எவ்ளோ தடிமனா இருந்து என்ன? ஜான் அதுக்கப்புறம் இன்னொரு பெரிய முயற்சி பண்ணல, டிசம்பர்ல கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிட்டாரு. பிலிப்புக்கு அவசரம் இல்ல. கோட்டையச் சுத்தி ரெட்டை அகழி வெட்டி, நடுநடுவுல மரக்கோபுரம் வெச்சு, ஆளுங்கள உக்கார வெச்சுட்டாரு.

இந்த எடத்துல நடந்த ஒரு விஷயம் எனக்கு கக்கூஸ் கதைய விட நூறு மடங்கு முக்கியம்னு படுது, ஆனா வீடியோக்காரங்க பாதிப் பேர் சொல்றதே இல்ல. கீழ ஊர் விழுந்தப்ப அங்க இருந்த ஜனங்க, ஆயிரத்துக்கு மேல, பொம்பளைங்க கொழந்தைங்க கெழவங்க எல்லாரும் மேல கோட்டைக்குள்ள ஓடி வந்துட்டாங்க. கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசிகிட்ட இருந்த சாப்பாடு சிப்பாய்களுக்குத்தான் கணக்கு. அதனால சண்டை போட முடியாதவங்கள வெளிய அனுப்ப ஆரம்பிச்சாரு. முதல் 500 பேர பிரெஞ்சுக்காரங்க வழி விட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு அடுத்த 500 பேரையும் விட்டாங்க. இதக் கேள்விப்பட்ட பிலிப், இனிமே யாரையும் விடாதீங்க, உள்ள வாய் எவ்ளோ அதிகமோ அவ்ளோ சீக்கிரம் சாப்பாடு தீரும்னு உத்தரவு போட்டாரு. மூணாவது கூட்டம் வெளிய வந்துச்சு, பிரெஞ்சுப் பக்கத்துலேருந்து அம்பு பறந்துச்சு, திரும்பி ஓடினா கோட்டைக் கதவு மூடியிருந்துச்சு. ரெண்டு படைக்கும் நடுவுல அந்தப் பாறைச் சரிவுலயே அவங்க பனிக்காலத்தக் கழிச்சாங்க. புல்ல தின்னாங்க, கோட்டைலேருந்து விரட்டின நாயக் கொன்னு தின்னாங்கன்னு பாதிரியார் வில்லியம் எழுதுறாரு, அதுக்கு மேலயும் எழுதுறாரு, அத நான் இங்க சொல்லல. கடைசில பிலிப் அந்தப் பக்கம் வந்தப்ப ஜனங்க கத்திக் கெஞ்சி, அவர் மனசு எறங்கி சாப்பாடு போடச் சொன்னாரு, காஞ்ச வயித்துல சாப்பிட்டதும் அதுல நெறைய பேர் செத்துட்டாங்க. ரெண்டு பக்கத் தலைவர்களும் போர்க்கணக்குப்படி சரியாத்தான் நடந்துக்கிட்டாங்க. அந்தக் கணக்குதான் பயங்கரம்.

1204 பிப்ரவரில நேரடித் தாக்குதல். அந்த உசந்த மேட்டுலேருந்து கல்லெறியும் எந்திரங்கள வெச்சு அடிச்சுக்கிட்டே, வெளிக்கோட்டையோட முனைக் கோபுரத்துக்கு அடியில குடைஞ்சு, மரத்தால முட்டுக் குடுத்து, அப்புறம் அந்த மரத்துக்குத் தீ வெச்சாங்க. கோபுரம் சரிஞ்சுது, உள்ள இருந்தவங்க நடுக்கோட்டைக்கு ஓடினாங்க. இப்பத்தான் நம்ம கக்கூஸ் ஆள் வர்றான். நடுக்கோட்டை மதிலோட ஒட்டி ஜான் புதுசா ஒரு கட்டடம் கட்டியிருந்தாரு, மேல பிரார்த்தனைக் கூடம், கீழ கழிவறை, வெளிப்பக்கமா ஒரு ஜன்னல். வில்லியம் சொல்றபடி பார்த்தா போஜிஸ்னு ஒருத்தன் கூட வந்தவன் தோள் மேல ஏறி அந்த ஜன்னலப் புடிச்சு உள்ள போய் கயிறு போட்டு மத்தவங்களயும் ஏத்தினான். கழிவறை அதே கட்டடத்துல இருந்ததால குழாய் வழியா ஏறினாங்கிற கதை ஒட்டிக்கிச்சு போல. உள்ள சத்தம் கேட்டதும் காவல்காரங்க புகை போட்டு விரட்டலாம்னு அந்தக் கட்டடத்துக்குத் தீ வெச்சாங்க, தீ அவங்க பக்கமே திரும்பிடுச்சு, உள்கோட்டைக்கு ஓட வேண்டியதாப் போச்சு. ரிச்சர்ட் போட்ட பிளான்ல ஓட்டை இல்ல, தம்பி பின்னாடி வெச்ச ஜன்னல்லதான் ஓட்டைன்னு வேணா சொல்லிக்கலாம்.

உள்கோட்டைல ஆனா ரிச்சர்ட் பிளான்லயே ஒரு தப்பு இருந்துச்சு. அகழியக் கடக்குற பாலம் பாறையையே வெட்டாம விட்டு அமைச்சது. தூக்குப் பாலமா இருந்தா இழுத்துக்கலாம், இத என்ன பண்றது? பிரெஞ்சுக்காரங்க அது மறைவுலயே பதுங்கி சுவத்தக் குடைஞ்சாங்க, பெரிய கல்லெறி எந்திரமும் அடிச்சுது, சுவர் திறந்துடுச்சு. மார்ச் 6 அன்னைக்கு எல்லாம் முடிஞ்சது. அந்தப் பெரிய கோபுரத்துக்குள்ள போய் கடைசியா ஒரு சண்டை போடுற அளவுக்கு யார்கிட்டயும் தெம்பு இல்ல. புடிபட்டவங்க குதிரைப்படைப் பிரபுக்கள் 36 பேர், மத்த சிப்பாய்ங்க சுமார் 120 பேர். ஆறு மாசம் ஒரு பெரிய ராஜாவோட முழுப் படைய நிறுத்தி வெச்சது இந்தக் கொஞ்ச பேருதான். அவங்க வேலைய அவங்க செஞ்சுட்டாங்க, வாங்கிக் குடுத்த அந்த ஆறு மாசத்த ஜான்தான் வீணாக்கினாரு. ஜூன் 24 அன்னைக்கு ருவான் சரணடைஞ்சுது, நார்மண்டி பிரெஞ்சு ராஜாவோட கைக்குப் போச்சு. மிஞ்சினது ஜெர்ஸி, கெர்ன்ஸி மாதிரி கால்வாய்த் தீவுகள் மட்டும்தான், அங்க இன்னைக்கும் பிரிட்டிஷ் ராஜாவ நார்மண்டி டியூக்னுதான் வாழ்த்துறாங்க.

அதுக்கப்புறம் கோட்டை கொஞ்ச காலம் ஜெயில். 1314ல பிரெஞ்சு ராஜாவோட மருமகள்கள் மேல கள்ளக்காதல் குற்றம் சாட்டி மார்கரெட், பிளான்ஷ் ரெண்டு பேரையும் இங்க அடைச்சாங்க. மார்கரெட்டோட புருஷன் அந்த வருஷமே பத்தாம் லூயியா ராஜா ஆயிட்டாரு, விவாகரத்துக்கு அனுமதி குடுக்க அப்ப போப்பே இல்ல, தேர்தல் இழுத்துக்கிட்டு இருந்துச்சு, 1315ல அவ இங்கயே செத்துப் போனா. கழுத்த நெரிச்சாங்கன்னு பேச்சு. 1334லேருந்து 1341 வரைக்கும் இங்கிலாந்துக்குப் பயந்து ஓடி வந்த ஸ்காட்லாந்து ராஜா இரண்டாம் டேவிட், வந்தப்ப பத்து வயசுப் பையன், இங்கதான் வளர்ந்தான். இங்கிலாந்து ராஜா கட்டின கோட்டை இங்கிலாந்துகிட்டேருந்து ஒரு பையனக் காப்பாத்துச்சு.

நூறாண்டுப் போர்ல 1419ல இங்கிலாந்துப் படை சுத்தி உக்காந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனப்புறம்தான் இது கைக்கு வந்துச்சு. அதுக்குக் காரணம் கிணத்துல தண்ணி இறைக்கிற கயிறு எல்லாம் தேஞ்சு போனதுன்னு சொல்றாங்க. அப்பவும் மதில யாரும் உடைக்கல பாருங்க. 1449ல பிரெஞ்சுக்காரங்க திரும்ப எடுத்துக்கிட்டாங்க, இந்த தடவை நிரந்தரமா.

இடிச்சது கடைசில பிரெஞ்சு ராஜாவேதான். மதப் போர் சமயத்துல 1591ல நான்காம் ஹென்றி இதப் புடிச்சாரு, கொள்ளைக்காரனோ எதிரியோ யாராவது உள்ள போய் உக்காந்துக்கிட்டா வம்புன்னு அந்தப் பகுதிப் பிரதிநிதிகளே இடிக்கச் சொல்லிக் கேட்டாங்க, அவரும் சரின்னுட்டாரு. சுத்துப்பட்டு மடத்துத் துறவிங்க வந்து கல்ல எடுத்துட்டுப் போய் அவங்க கட்டடத்துக்கு வெச்சுக்கிட்டாங்க. 1862ல அரசு பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆக்கினப்ப எது மிச்சம் இருந்துச்சோ அதுதான் இன்னைக்கு நாம பாக்குறது.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். நேரா கோபுரத்துக்குப் போயிடாதீங்க. மேட்டுலேருந்து ஆரம்பிச்சு, இடிஞ்ச முனைக் கோபுரம், முதல் அகழி, நடுக்கோட்டை, அந்தப் பாறைப் பாலம், நெளி மதில்னு பிலிப்போட ஆளுங்க போன வரிசையிலயே போங்க, அப்பத்தான் எது எதுக்காக இருக்குன்னு தானாப் புரியும். வெளிப் பகுதிய சும்மாவே சுத்திப் பாக்கலாம், கோபுரம் இருக்குற உள்கோட்டை மட்டும் சீசன்லதான் திறப்பாங்க, டிக்கெட் உண்டு. பாரிஸ்லேருந்து ரயில்ல வர்றதா இருந்தா சேன் லசார் ஸ்டேஷன்ல ருவான் போற லைன்ல ஏறி கயோன்ல இறங்கிக்கலாம், அங்கேருந்து கோட்டைக்கு ரோடு வழிதான், பத்து கிலோமீட்டருக்கு மேல இருக்கும், அதனால டாக்ஸியோ சைக்கிளோ முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கங்க.